வெட்டுப்பட்ட மச்சான்

கிர்கிஸ்தானுக்கு நான் தனியாகத்தான் போனேன். இதை வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. என் புத்தகத்தின் பின்னட்டையில் மெய்ச்சான்று முத்திரை இருக்கிறது, சந்தேகம் இருப்பவர்கள் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். புத்தகத்தின் பெயர் 'குதிரைப் பாலும் நானும்'. குதிரைப் பாலும் நானும் என் மச்சானும் என்று எங்கேயும் இல்லை.

ஆனால் என் மனைவி சுகந்தி, அவளுடைய அண்ணன் தயாளனும் என்னோடு வந்தார் என்கிறாள். விமான நிலையத்தில் எங்கள் இருவரையும் ஒன்றாக ஏற்றி அனுப்பியதே அவள்தானாம். புகைப்படம்கூட வைத்திருக்கிறாள். ஒரு குதிரை, குதிரைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் தயாளன். புகைப்படத்தை யார் வேண்டுமானாலும் உருவாக்கலாம், என் ஞாபகத்துக்கு முத்திரை இருக்கிறது என்று நான் சொன்னேன். அதற்கு அவள் சொன்ன பதில் இது.

"திரும்பி வந்தப்ப ஒரே பெட்டியில கெடந்த ரெண்டு பேரு துணியையும் பிரிச்சுத் தொவச்சவ நான். எனக்கு எந்த முத்திரையும் வேண்டாம்."

முத்திரை வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பயண எழுத்தாளர் ஏற்காட்டில் லாட்ஜ் எடுத்துத் தங்கி, அண்டார்டிகாவைப் பற்றி மூன்று பாகம் எழுதினார். விருதும் வாங்கினார். லாட்ஜில் அவருக்குத் தினமும் காப்பி கொடுத்தவர் அந்தப் புத்தகத்தை வாங்கிப் படித்ததில் குட்டு வெளிப்பட்டது. அதன் பிறகுதான் சட்டம் வந்தது. பயண நூல் எழுதுகிறவர் சான்று நிலையத்துக்குப் போய், அழகு நிலையத்தில் முடி உலர்த்துவார்களே, அதைப் போன்ற ஒரு கவிப்புக்குள் தலையைக் கொடுத்து உட்கார வேண்டும். இயந்திரம் புத்தகத்தின் ஒவ்வொரு வரியையும் அவருடைய ஞாபகத்தோடு ஒப்பிடும். ஒத்துப்போனால் முத்திரை.

முதலில் வந்த புத்தகங்கள் எல்லாம் அப்பழுக்கற்ற உண்மை. அதனால் யாரும் வாங்கவில்லை. உலகத்தின் எந்த அதிசயத்தின் முன்னால் நின்றாலும் மனிதன் பாத்ரூம் எங்கே என்றுதான் யோசிக்கிறான் என்பது வாசகர்களுக்குத் தெரிந்துபோயிற்று. பதிப்பாளர்கள் கையைப் பிசைந்தார்கள். பிறகு யாரோ ஒரு புண்ணியவான் ஒரு வழி கண்டுபிடித்தார். ஞாபகத்துக்கு ஏற்றபடி புத்தகத்தைத் திருத்தினால்தானே நஷ்டம்? புத்தகத்தை முதலில் நன்றாக எடிட் செய்துவிட்டு, அதற்கு ஏற்றபடி ஞாபகத்தைத் திருத்திவிட்டால்? அதே கவிப்பு, அதே நாற்காலி, கொஞ்சம் கூடுதல் நேரம். இதற்கு 'சமன்' என்று பெயர். வெட்டிய பகுதி தலையிலிருந்தும் போய்விடும். எழுத்தாளர் எழுந்து வந்து, சத்தியமாக இப்படித்தான் நடந்தது என்பார். சத்தியமாகவே சொல்வார்.

என் எடிட்டர் ஜெசிந்தா திண்டுக்கல்லில் இருக்கிறார். எந்தப் பதிப்பகத்திலும் சம்பளத்துக்கு இல்லை, வீட்டிலிருந்தே பார்க்கிறார். அதனால் யாருக்கும் பயப்பட மாட்டார். நான் கல்லூரியில் வணிகவியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், என்னையும் யாரும் பயமுறுத்திப் பழக்கமில்லை. ஆகவே நாங்கள் வேலை செய்த விதம் சண்டைக் கோழிகளைக் கூடையில் போட்ட மாதிரிதான். ஒரு பெயரடையை எடுக்க அவர் மூன்று முறை போன் செய்வார், நான் நான்கு முறை மறுப்பேன். கிர்கிஸ்தானின் கம்பளி ஏற்றுமதி பற்றி நான் ஒரு நீண்ட அட்டவணை போட்டிருந்ததாகவும், அதை எடுத்ததற்காக ஒரு வாரம் அவரோடு பேசாமல் இருந்ததாகவும் அவர்தான் ஒரு முறை வாய் தவறிச் சொன்னார். எனக்கு எந்த அட்டவணையும் ஞாபகமில்லை. கோபமும் இல்லை. சமனில் அந்த ஒரு வசதி உண்டு.

புத்தகம் வந்தது, நன்றாகவும் போயிற்று. மதுரையில் ஒரு கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தி, ஒற்றை மனிதனாக மலைகளைக் கடந்த மாவீரர் என்றார்கள். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

இந்த நிலையில்தான் என் மகள் நறுமுகைக்குக் கல்யாணம் நிச்சயமானது. அழைப்பிதழை எழுதுவது என் பொறுப்பு. எழுத்தாளனாயிற்றே. எல்லா உறவுமுறைகளையும் வரிசையாகப் போட்டேன். தாய்மாமன் என்ற இடத்தில் மட்டும் எதுவும் போடவில்லை. ஏனென்றால் எனக்கும் தயாளனுக்கும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

காரணம் அற்பமானது என்று சிலர் சொல்வார்கள். தயாளன் தன் மகனின் கல்யாண அழைப்பிதழில், அந்தக் குடும்பத்தின் மூத்த மாப்பிள்ளையான என் பெயரை, இளைய மாப்பிள்ளையின் பெயருக்குக் கீழே அச்சடித்திருந்தார். இளைய மாப்பிள்ளை கல்யாணச் செலவுக்குக் கை கொடுத்தவர். நான் கல்யாணத்துக்குப் போனேன், தாலி கட்டும்வரை நின்றேன், கை நனைக்காமல் எழுந்து வந்துவிட்டேன். அதோடு சரி. அந்தக் கோபம் எனக்குள் நேற்று வைத்த குழம்பைப் போல இன்னும் ருசி ஏறிக்கொண்டே இருந்தது.

அழைப்பிதழின் மாதிரி அச்சகத்திலிருந்து வந்த அன்று வாசலில் கார் வந்து நின்றது. தயாளன் இறங்கினார். ஒரு கையில் பூச்சரம், மறு கையில் விருதுநகர் பரோட்டாப் பொட்டலம். சென்னையில் மகன் வீட்டில் சில மாதங்கள் இருந்துவிட்டு அன்றுதான் ஊர் திரும்பினாராம். என்னைப் பார்த்ததும் "மாப்ள" என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார். நான் ஒரு அடி பின்னால் போனேன். இத்தனை வருஷம் கழித்து எந்த முகத்தோடு வருகிறார் என்பதுதான் என் எண்ணம். அவர் விரித்த கையை மடக்காமல் அப்படியே நின்றார். பிறகு மேஜைமேல் இருந்த அழைப்பிதழை எடுத்துப் படித்தார். மேலிருந்து கீழே ஒரு முறை, கீழிருந்து மேலே ஒரு முறை.

"அந்த பஸ்ஸுக்கு அப்புறமும் இப்படிச் செஞ்சுட்டீங்களே மாப்ள," என்றார்.

எந்த பஸ் என்று கேட்டேன். என்னுடைய மிடுக்கான, பேராசிரியர் குரலில் கேட்டேன். அவர் பரோட்டாவை வைத்துவிட்டுப் போய்விட்டார். சுகந்தி வாசல்வரை ஓடி, காரின் கதவைப் பிடித்து ஏதோ சொல்லிப் பார்த்தாள். கார் நிற்கவில்லை.

திரும்பி வந்தவள் அழவில்லை, அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள். எங்கள் இருவரையும் சேர்த்து வைக்க அவள் போட்ட திட்டமாம் அந்தப் பயணம். மூன்று பேருக்கு டிக்கெட் எடுத்து, அண்ணனிடம் 'அவர் வரமாட்டார்' என்றும் என்னிடம் 'அண்ணன் வரமாட்டார்' என்றும் சொல்லி, விமான நிலையத்தில் எங்கள் இருவரையும் நேருக்கு நேர் நிறுத்திவிட்டு, தலை சுற்றுகிறது என்று வீட்டுக்குத் திரும்பிவிட்டாளாம். போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போன இருவரும், வரும்போது ஒரே போர்வையைப் போர்த்திக்கொண்டு சிரித்தபடி வந்தோமாம். அங்கே என்ன நடந்தது என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் திருஷ்டி பட்டுவிடும் என்று விட்டுவிட்டாளாம்.

"எங்கண்ணன் வந்து மாலை எடுத்துக் குடுக்காம என் மக மணவறை ஏற மாட்டா," என்றாள். "நீங்க வேணா தனியாப் போய் உக்காந்துக்கங்க. தனியாப் போறதுதான் உங்களுக்குப் பழக்கமாச்சே."

நறுமுகை உள்ளே இருந்து, தானும் அதே முடிவில்தான் இருப்பதாகச் சொன்னாள். சம்பந்தி வீட்டுக்கு எப்படித் தகவல் சொல்லப்போகிறேன் என்பதையும் என்னையே யோசிக்கச் சொன்னாள்.

ஒரு வாரம் முறைத்துக்கொண்டு இருந்துவிட்டுத் திண்டுக்கல் போனேன். ஜெசிந்தா வேறு ஒருவருடைய காசி யாத்திரையை வெட்டிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

நான் தனியாகப் போனேனா என்று நேராகக் கேட்டேன். விதிப்படி வெட்டியதைச் சொல்லக்கூடாது என்று கொஞ்சம் இழுத்தார். என் மகளின் கல்யாணம் என்றதும் பெருமூச்சு விட்டார்.

"இல்ல சார். உங்க மச்சானும் வந்தார். நான்தான் எடுத்தேன்."

"ஒரு முழு மனுஷனையா?"

"சார், அவர் எந்த ஊருக்குப் போனாலும் சோறு எங்கன்னு கேட்டார். ஏரிக்கரையில கேட்டார், மலை உச்சியில கேட்டார். படிக்கறவங்க தனியாப் போறவங்களைத்தான் விரும்புறாங்க. கூட மச்சான் வந்தா அது பயணம் மாதிரியே இல்ல, விசேஷ வீட்டுக்குப் போற மாதிரி இருக்கு." அவர் மூக்குக்கண்ணாடியை மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டார். "நீங்களும் சம்மதிச்சீங்க சார். 'எனக்கும் மச்சானுக்கும் இனிமே என்ன வந்துடப் போகுது, புத்தகத்துல இல்லேன்னா குறைஞ்சா போயிடும்'னு கேட்டீங்க. தனி மனுஷன்னு போட்டா அட்டை நல்லா இருக்கும்னு சொன்னதும் நீங்கதான்."

நான் அப்படிச் சொல்லியிருப்பேன். அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

திரும்ப வைக்க முடியாதா என்றேன். "எடுக்கத்தான் சார் மெஷின்," என்றார். வெட்டிய பக்கங்களையும் அழித்துவிட வேண்டும் என்பது விதி, அழித்தாகிவிட்டது. எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. என் தலைக்குள் அந்த மலைப்பாதை அப்படியே இருக்கிறது, ஜன்னலோர இருக்கை, பக்கத்து இருக்கை காலி. எவ்வளவு சுத்தமான காலி. ஒரு மனிதர் உட்கார்ந்திருந்த அடையாளமே இல்லாமல் துடைத்திருக்கிறார்கள். அங்கிருந்து ஒருவரை எடுக்க முடியுமென்றால், மற்ற இடங்களில் யார் யாரை எடுத்தார்களோ என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

"நாங்க எப்படிச் சமாதானம் ஆனோம்? அதை மட்டும் சொல்லுங்க. அந்தப் பக்கத்தைப் படிச்சவங்க உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்."

ஜெசிந்தா ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு சொன்னார். ஓஷ் நகரத்துக்கு வெளியே ஒரு மரப்பாலம். கீழே ஆறு, தூரத்தில் குதிரைகள், சாயங்கால வெயில். நான் தயாளனின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டு, தப்பு என்னுடையதுதான் மச்சான், ஒரு பெயர் மேலே போனால் என்ன கீழே போனால் என்ன என்று சொல்லி அழுதேனாம். அவரும் அழுதாராம். ஆற்றின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லையாம்.

நானா மன்னிப்புக் கேட்டேன்? என்னால் நம்ப முடியவில்லை. ஆனால் கேட்டுவிட்டேன் என்று தெரிந்ததும், ஆச்சரியமாக, பாதி பாரம் இறங்கியது. ஒரு முறை குனிந்தவனுக்கு மறுமுறை குனிய அவ்வளவு வலிக்காது அல்லவா? முதல் முறை வலித்தது எனக்கு ஞாபகத்தில்கூட இல்லை. திண்டுக்கல்லிலிருந்து நேராக விருதுநகருக்கு பஸ் ஏறினேன்.

தயாளன் தன் பேட்டரிக் கடையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்திருக்கவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. ஒரு ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளினார். நான் உட்காராமல் நின்றபடியே சொன்னேன். சமன் செய்துகொண்டதைச் சொன்னேன். அவரை வெட்டக் கையெழுத்துப் போட்டதைச் சொன்னேன். அவர் மகன் கல்யாணத்தில் சாப்பிடாமல் எழுந்தது தப்பு, அழைப்பிதழில் அவர் பெயரை விட்டது அதைவிடப் பெரிய தப்பு என்றேன்.

"அன்னைக்குப் பாலத்துல நான் உங்ககிட்ட சொன்னதைத்தான் மச்சான் இப்பவும் சொல்றேன்."

தயாளன் நிமிர்ந்து பார்த்தார். "எந்தப் பாலம்?"

"ஓஷ் ஊருக்கு வெளிய. குதிரை எல்லாம் நின்னுச்சே."

"நாம ஒரு பாலத்துலயும் ஏறலையே மாப்ள. நீங்க எங்கிட்ட மன்னிப்பும் கேக்கல. நானும் கேக்கல."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆயுள் முழுக்க மற்றவர்கள் எழுதியதை வெட்டிக்கொண்டிருந்த ஜெசிந்தா, எனக்காக ஒரு பக்கம் சொந்தமாக எழுதியிருக்கிறார். அதிலும் சாயங்கால வெயில் வேறு. என் புத்தகத்தில் அப்படி ஒரு வரி வந்திருந்தால் முதல் வேலையாக அதை அடித்திருப்பார்.

அப்படியென்றால் அங்கே என்னதான் நடந்தது என்று கேட்டேன். தயாளன் ஸ்டூலைக் காட்டினார். இந்த முறை உட்கார்ந்தேன்.

"மூணு நாள் பேசவே இல்ல. அந்த கைடு பொண்ணு மூலமாத்தான் பேசிக்கிட்டோம். 'உப்பு வேணுமான்னு அவரைக் கேளு'ன்னு நான் இங்கிலீஷ்ல அவகிட்ட சொல்வேன். 'வேணாம்னு சொல்லு'ன்னு நீங்க இங்கிலீஷ்ல சொல்வீங்க. அவ நம்ம ரெண்டு பேருக்கும் பாஷை வேறன்னு நெனச்சுக்கிட்டா." அவர் சிரிக்காமல் சொன்னார். "அப்புறம் ஓஷ் போற பஸ்ஸு. வேற இடம் இல்ல, ஒரே சீட்டு. மலை ஏற ஆரம்பிச்சதும் நீங்க தூங்கிட்டீங்க. என் தோள்ல சாஞ்சு. வாயில எச்சி வழிஞ்சு என் சட்டையெல்லாம் நனைஞ்சுபோச்சு."

"எழுப்ப வேண்டியதுதானே?"

"எழுப்பலாம்னுதான் பாத்தேன். அந்தக் குதிரைப் பாலை வேற குடிச்சிருந்தேனா, எனக்கு ஒண்ணுக்கு முட்டிக்கிட்டு வருது. பஸ்ஸை நிறுத்தினாங்க, எல்லாரும் இறங்கிப் போனாங்க. நான் அசைஞ்சா நீங்க முழிச்சுருவீங்களேன்னு இறங்கல. மலை ஏறி, அந்தப் பக்கம் இறங்குற வரைக்கும் அப்படியே இருந்தேன். முழிச்சீங்க. என் சட்டையைப் பாத்தீங்க. உங்க துண்டை எடுத்துத் தொடச்சு விட்டீங்க. 'சாப்பிட்டீங்களா மச்சான்'னு கேட்டீங்க." மேஜையில் கிடந்த ஸ்பேனரை எடுத்து அவர் வேறு இடத்தில் வைத்தார். "அவ்வளவுதான். வேற ஒண்ணும் நடக்கல."

ஜெசிந்தா ஏன் இதை என்னிடம் சொல்லவில்லை என்று புரிந்தது. இதைச் சொல்லியிருந்தால் நான் விருதுநகர் பஸ் ஏறியிருக்க மாட்டேன். எச்சில் வழிந்ததற்காக எந்தப் பேராசிரியர் போய்க் காலில் விழுவார்? அந்த அம்மாள் தன் தொழிலைச் சரியாகத்தான் செய்திருக்கிறார். நான் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது. கடையில் வேலை செய்தவர்கள் பேட்டரிகளை மும்முரமாகத் துடைத்தார்கள்.

கல்யாணத்துக்கு வருவாரா என்று கேட்டேன். நறுமுகை கல்யாணத்துக்கு வராமல் எங்கே போவேன் என்றார் தயாளன். கோபம் தீராவிட்டாலும் வந்து மாலையை எடுத்துக் கொடுத்துவிட்டு, என்னைப் போலவே சாப்பிடாமல் எழுந்து போவதாகத்தான் முடிவு செய்திருந்தாராம். இனி இரண்டு பந்தியிலும் உட்காரப்போவதாகச் சொன்னார். சுகந்திக்கு அங்கிருந்தே போன் போட்டுக் கொடுத்தேன். அண்ணனும் தங்கையும் பேசியதில் என்னைப் பற்றி நல்லதாக ஒன்றும் இல்லை, ஆனாலும் காதுக்கு இதமாக இருந்தது.

போனை வைத்த தயாளன், மேஜை டிராயரிலிருந்து ஒரு டேப்லெட்டை எடுத்தார். முகத்தில் ஒரு கூச்சம்.

"கோவத்துல உங்க புத்தகத்தை வாங்கிப் படிச்சேன் மாப்ள. என் வாழ்க்கையில படிச்ச முதல் புத்தகம். அதுல நானே இல்ல. அட்டையில எடிட்டர் பேரு போட்டிருந்துச்சு, நம்பரைக் கண்டுபிடிச்சு அந்தம்மாவை நல்லாக் கேட்டுட்டேன். பொறுமையாக் கேட்டுக்கிட்டாங்க. கடைசியில, இவ்வளவு அழகாத் திட்டுறீங்களே, நீங்களே ஒண்ணு எழுதுங்கன்னாங்க. எழுத ஆரம்பிச்சுட்டேன்."

நான் டேப்லெட்டின்மேல் கையை வைத்து மறைத்தேன்.

"எழுதாதீங்க மச்சான்."

அவர் முகம் சுருங்கியது. பொறாமை என்று நினைத்திருப்பார், என்னைத் தெரிந்த யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த பஸ்ஸில் போனவர்கள் நாம் இரண்டு பேர், என்னிடம் இருந்தது போய்விட்டது, இனி அது உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது என்றேன். தனியாகப் போனதாக மாற்றச் சொல்வார்கள். கவிப்புக்குள் உட்கார வைப்பார்கள். எழுந்து வரும்போது உங்களுக்கும் பக்கத்து இருக்கை காலியாக இருக்கும். அப்புறம் அப்படி ஒரு பஸ் ஓடியதாகவே உலகத்தில் யாருக்கும் தெரியாது மச்சான் என்றேன்.

தயாளன் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார்.

"அந்தம்மா அதுக்கு ஒத்துக்கவே மாட்டாங்க மாப்ள. 'உங்களை வேணாலும் வெட்டலாம் சார், அவரை வெட்ட முடியாது. புத்தகத்துல சிரிக்கறதுக்கு இருக்கறதே அவர் ஒருத்தர்தான்'னுட்டாங்க."

இந்த மாவட்டத்தில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். வங்கி மேலாளர்கள், ஆடிட்டர்கள், இரண்டு சட்டமன்ற உறுப்பினர்கள். நான் நடந்து வந்தால் இன்னும் எழுந்து நிற்கிறவர்கள். அவர்கள் எல்லாரும் அந்தப் புத்தகத்தை வாங்குவார்கள். மெதுவாகக் கேட்டேன்.

"எச்சி வழிஞ்சதும் வருதா?"

"அதுதான் மாப்ள முதல் அத்தியாயம்."

டேப்லெட்டை என் பக்கம் திருப்பினார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தேன். எனக்குத் தெரியாத ஒருவன் என் பெயரோடு, வாயைத் திறந்துகொண்டு, தன் மச்சானின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான்.

"நல்லா இருக்கு," என்றேன். "இதுல ஒரு வரியைக்கூட வெட்ட விடாதீங்க மச்சான்."